கண்ணாடி நாற்காலியும் ஒன்பதடிப் பாதையும்

துக்க வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவது என்பதற்கு நான் கணக்கு வைத்திருந்தேன். சொந்தத்துக்கு அரை நாள், பழக்கத்துக்கு அரை மணி, பகைக்குப் பத்து நிமிடம்.

செல்லப்பாண்டி எனக்கு மச்சான் முறை. ஆனால் குரங்கணிக்கு மேலே என் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒன்பதடி ஜீப்புப் பாதையை அவர் வேலி போட்டு அடைத்ததிலிருந்து பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அவர் இறந்ததும் பத்து நிமிடக் கணக்கில் கிளம்பினேன்.

வாடகை நாற்காலிகளை நான் நம்புவதில்லை. (இதுவரை மூன்று என்னோடு உடைந்திருக்கின்றன.) அதனால் பெங்களூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பிய மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோனேன்.

"அம்பது வருசமா உலகமே கொண்டாடுற டிசைன்ப்பா. மடக்குனா ஒரு இஞ்சுதான்" என்றிருந்தாள். (அளந்தேன், சரிதான்.) எஃகுச் சட்டம். அடியில் இருப்பது அப்படியே தெரியும் கண்ணாடி போன்ற இருக்கை. மடங்கும் இடத்தில் பக்கத்துக்கு மூன்று வட்டத் தகடுகள்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதல்லவா? நைசாக நழுவ வசதியாக வாசல் கேட்டை ஒட்டியே விரித்து உட்கார்ந்தேன்.

பத்தாவது நிமிடம் எழுந்தேன். வேட்டி எழவில்லை. அதன் முனை தகடுகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. இழுத்தால் நாற்காலி மடங்கப் பார்த்தது. மடங்க மடங்க இன்னும் இறுக்கிக் கடித்தது. எதிரே நாற்பத்தாறு பெண்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பாடை கிளம்பும் நேரம். அது வெளியே போகவேண்டிய கேட்டில் பாதியை என் நாற்காலி அடைத்திருந்தது. செல்லப்பாண்டியின் மகன் கண்ணன் வந்தான்.

"மாமா, வெரசா எந்திரிங்க. அப்பாவத் தூக்கணும்."

"செத்த பொறு மாப்ளே."

மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் இதையே சொன்னேன். கூட்டம் முணுமுணுத்தது.

"பாதைக்காக மறியல் பண்றாருப்பா!"

"பொணத்த மறிக்கிற மனுசன இப்பத்தான் பாக்குறேன்."

கண்ணனின் கண்கள் சிவந்தன. "பாதைதான மாமா? நாளைக்கே வேலியப் பிரிச்சுர்றேன். எங்கப்பாவ விடுங்க!"

"பாதை வேண்டாம் மாப்ளே!"

"பெறகு என்னதான் வேணும்?"

அதைத்தான் நாற்பத்தாறு பேர் முன்னால் சொல்ல முடியவில்லை.

ஊரே என் முகத்தைப் பார்க்க, செல்லப்பாண்டியின் மனைவி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு இருக்கை வழியாக அடியில் பார்த்தார். எனக்கு அக்கா முறை.

"யாருடி அங்க, கத்தரிக்கோலக் கொண்டா. தம்பி வேட்டி மாட்டிக்கிருச்சு."

முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு நாற்பத்தாறும். அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதப் பாத்திருந்தா உங்க மச்சானே வேலியப் பிரிச்சிருப்பாரு" என்றவர், மறுபடி அழுதார். நானும் அழுதேன். (அது மட்டும் கணக்கில் இல்லாதது.)

முக்கால் வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு சுடுகாடுவரை போனேன். மறுநாள் கண்ணன் வேலியைப் பிரித்தான். ஜீப்புக்காரர்கள் இன்று அதை வேட்டிப் பாதை என்கிறார்கள்.

எங்கிருந்து துக்கச் செய்தி வந்தாலும் என் மனைவி வாசலில் நிறுத்தி இரண்டே கேள்வி கேட்கிறாள்: "மால வாங்கிட்டீங்களா? கத்தரிக்கோல எடுத்துக்கிட்டீங்களா?"