சிவப்பு மையில் வந்த நல்ல சேதி

அன்னைக்கி எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மூணாங்கிளாஸ் படிக்கிற என் மக வள்ளியோட பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பணும். அவ்வளவுதான்!

ஆனா அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு பெரிய காரியம் இருந்துச்சு. எங்க அண்ணன் போன வாரமே சொல்லிட்டாரு:

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா இன்னும் படிப்பு? ரிப்போர்ட்டு வரட்டும். நல்லா இருந்தா போகட்டும். இல்லாட்டி நிறுத்திப்புட்டு கடலைக்காட்டுக்கு அனுப்பு."

வீட்டுல அவரு சொன்னா சொன்னதுதான். எனக்கோ வள்ளி படிக்கணும்னு கொள்ளை ஆசை.

நான் யாருன்னு சொல்லிடறேன். ஊருக்கே கடுதாசி படிச்சுச் சொல்ற பெரிய மனுசன்! தமிழை அச்சுல இருந்தா எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துன்னா பிடிபடாது. இங்கிலீஷு சுத்தமாத் தெரியாது. புதுக்கோட்டைக் கச்சேரியில, அதான் சர்க்கார் ஆபீசுல, ஆறு மாசம் தண்ணி மொண்டு ஊத்தற வேலை பார்த்தேன். அதை வச்சு எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. நான் எதுக்கு மறுக்கணும்?

என் வித்தை இம்புட்டுதான். கடுதாசி மூலையைப் பார்ப்பேன். மஞ்சளோ குங்குமமோ இருந்தா கல்யாணம், காதுகுத்து. கறுப்பு இருந்தா சாவு. மிச்சத்தை, கேக்கறவங்க மூஞ்சியைப் பார்த்து ஒப்பேத்திருவேன்.

ரிப்போர்ட்டு வந்துச்சு. பூராவும் இங்கிலீஷு!

நம்பர் போட்டிருந்தாலாவது தப்பிச்சிருப்பேன். புதுசா வந்த ஹெட்மாஸ்டரு, மார்க்குக்குப் பதிலா ஒத்தை ஒத்தை எழுத்தாப் போட்டு வச்சிருந்தாரு. யுத்த காலத்துல ஊருக்கே மண்ணெண்ணெய் இல்ல, அந்த மனுசனுக்கு மட்டும் ரெண்டு கலர்ல மை!

மொத்தம் ஆறு எழுத்து. அஞ்சு கறுப்பு, ஒண்ணு சிவப்பு.

அஞ்சு சாவு!

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்னாரு. "என்னடா போட்டிருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனா பெரிய படிப்பாளியாச்சே, தொழில் சுத்தம்! "அஞ்சு மோசம்ண்ணே. ஒண்ணுதான் தேறும்."

வள்ளி பதறிப்போயி, "அப்பா, அது அப்புடியில்லப்பா, கறுப்புன்னா..."

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத!"ன்னு நான் அதட்டுனேன். "இந்த சிவப்பு எதுக்குப் போட்டது, அதை மட்டும் சொல்லு."

"தையலுக்கு."

"தையல் நல்லா வருதாக்கும்?"ன்னாரு அண்ணன். "அப்ப வீட்டுலயே உக்காந்து தைக்கட்டும். நாளையிலருந்து பள்ளிக்கூடம் வேணாம்."

வள்ளி அழுதுக்கிட்டே உள்ள போயிட்டா.

அதோட விட்டுச்சா? பக்கத்து வீட்டுச் செல்லையா அவரு மகன் ரிப்போர்ட்டைக் கொண்டாந்து நீட்டுனாரு. ஆறும் சிவப்பு!

"செல்லையாண்ணே, ஒங்க வீட்டுல திவான் பொறந்திருக்காருங்க!"

அந்த ஆளு அங்கிட்டுப் போயி ஒரு வட்டு கருப்பட்டிய ஒடைச்சுத் தெருவுக்கே குடுத்துட்டாரு. ஒடனே ஊரே ரிப்போர்ட்டும் கையுமா எங்க வாசல்ல வரிசை கட்டிருச்சு. நானும் கால்மேல கால் போட்டுக்கிட்டுத் தீர்ப்புச் சொன்னேன். கறுப்பு வாங்கின புள்ளைகளுக்கு வெளக்குமாத்தடி. சிவப்பு வாங்கினதுகளுக்குக் கருப்பட்டி. அடி வாங்கினதுக எல்லாம் "கறுப்புதான் நல்லது"ன்னு கத்துச்சுக. அழுவுற புள்ள பேச்சை எவன் கேட்டான்? கருப்பட்டி தின்னதுக ஒண்ணும் வாயைத் தொறக்கல.

மறுநாள் காலையில ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போயிட்டேன். சண்டை போடத்தான்!

"எம்மக விடிய முன்ன எந்திரிச்சுப் படிக்குது. அதுக்கு ஒரே ஒரு சிவப்புதானா? இன்னும் ரெண்டு சிவப்பு போட்டா ஒங்க மை கொறைஞ்சா போயிரும்?"

ஹெட்மாஸ்டரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, மறுபடி மாட்டி, என்னை நல்லாப் பார்த்தாரு.

"கறுப்புன்னா பாஸுங்க. சிவப்புன்னா ஃபெயிலு. உங்க மகதான் கிளாஸ்லயே மொதல். தையல்லதான் ஃபெயிலு. ஊசியில நூல் கோக்கவே வரல அதுக்கு."

திரும்பி வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். அண்ணன்கிட்ட என்னத்தைச் சொல்ல? நேத்துப் படிச்சது தப்புன்னு சொன்னா, மகளுக்காக மாத்திப் பேசறேம்பாரு. எனக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு சொன்னாத்தான் நம்புவாரு. சொன்னா இத்தனை வருசத்து மரியாதை போச்சு. சொல்லாட்டி வள்ளி படிப்பு போச்சு.

வீட்டு வாசல்ல அண்ணன் இருந்தாரு. எனக்குன்னே வாய்ச்ச மாதிரி செல்லையாவும் இருந்தாரு. சொல்லிட்டேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுண்ணே. கலரைப் பார்த்துத்தான் சொன்னேன். வள்ளிதான் கிளாஸ்ல மொதல்."

"அப்ப இத்தன வருசமா கடுதாசி படிச்சதெல்லாம்?"

"மூலையைப் பார்த்துண்ணே."

செல்லையா மெதுவா எந்திரிச்சாரு. "யோவ்! அப்ப கட்டுமாவடியிலருந்து எங்க மாமா போட்ட கடுதாசி?"

அதுவா! அதோட மூலையில கறுப்பு இருந்துச்சு. சாவுக் கடுதாசியை வீட்டுல வைக்கக் கூடாதேன்னு, படிக்காமயே கிழிச்சுப்போட்டு, "மாமா போயிட்டாரு"ன்னுட்டேன். இவங்க கோடித்துணி எடுத்துக்கிட்டு, ரெண்டு வண்டி கட்டி, வழி நெடுக ஒப்பாரி வச்சுக்கிட்டுப் போனாங்க. அங்க மாமா மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்டுக்கிட்டிருந்தாரு. படகுக்குத் தார் பூசின கையோட கடுதாசி எழுதியிருக்காரு மனுசன்!

"நாங்க திரும்பி வந்து கேட்டப்ப, 'செத்ததாச் சொன்னா ஆயுசு கெட்டி'ன்னு என்கிட்டயே வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போனியேய்யா!"ன்னு செல்லையா துண்டை உதறித் தோள்ல போட்டாரு. இப்ப கருப்பட்டிக் கணக்கும் சேர்ந்துக்கிச்சு.

அண்ணன் உள்ள பார்த்துக் கூப்புட்டாரு.

"வள்ளி! நாளைக்கிப் பள்ளிக்கூடம் போ ஆத்தா. இந்த வீட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்கணும்."

வள்ளி ஓடியாந்து என் கையில பேனாவைக் குடுத்தா. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. போன மரியாதை போகட்டும்னு, ரிப்போர்ட்டுல பெருசா, அழகா கையெழுத்துப் போட்டேன்.

வள்ளி அதையே பார்த்துக்கிட்டு நின்னா.

"அப்பா... அது ஹெட்மாஸ்டரு கையெழுத்துப் போடற எடம்."