காளான் காட்டு ஏலம்

விலை இல்லாத பொருளெல்லாம் வீணாகிப்போகும் என்று கல்லூரியில் காலமெல்லாம் பாடம் நடத்திய பேராசிரியர் ஒல்ட்ரிச், அந்தப் பாடத்தின் பலத்திலேயே செக் நாட்டு மொராவியாவில் தேர்தலில் ஜெயித்து மாண்புமிகு மந்திரியும் ஆனார். ரொட்டி, ரயில், தபால் எல்லாவற்றையும் சந்தையிடம் ஒப்படைத்தாகிவிட்டது. மிஞ்சியது காடு. மழை விட்டால் போதும், ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சும்மாவே காளான் பறித்து வருகிறது! தேர்தல் வேறு நெருங்குகிறது. புதிதாக ஏதாவது செய்து காட்டாவிட்டால் நாற்காலி போய்விடும்.

ஆகவே, நாட்டு நலனை முன்னிட்டு, காட்டைத் துண்டு போட்டு ஏலம் விட உத்தரவிட்டார்.

"எந்தத் துண்டுக்கு விலை ஏறுதோ, அங்கதான் காளான் இருக்குன்னு அர்த்தம்," என்றார் வீட்டில்.

மனைவி க்வேதா சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நான் பறிக்கிற இடத்தை உங்ககிட்டயே சொன்னதில்ல. ஊரு ஏலத்துல வந்து சொல்லுமா?"

"உனக்குப் பொருளாதாரம் புரியாது."

"புரியாதுதான். ஆறிப்போகுது, குடிங்க."

அசல் இடத்துக்கு ஏலம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரன் மோப்பம் பிடித்துவிடுவான் அல்லவா? அதனால் ஆளாளுக்குக் காளானே முளைக்காத இடமாகப் பார்த்துக் கேட்டார்கள். ஒருவன் கேட்டதைப் பார்த்து இன்னொருவன் ஏற்றினான். கடைசியில் உச்ச விலைக்குப் போனது, பழைய கல்குவாரி.

தொலைக்காட்சிக்காரர்கள் சூழ, மந்திரி புதுக் கூடையோடு குவாரியில் இறங்கினார். அகப்பட்டது ஒரு கிழிந்த பூட்ஸ்.

"ஒண்ணுமே இல்லையே ஐயா?" என்றாள் நிருபர் பெண்.

"விலை பொய் சொல்லாதும்மா. காளான்தான் இன்னும் விலைக்குக் கட்டுப்படல."

நாடே சிரித்தது. 'ஆண்டவரே, இவர் தோற்று வீடு வந்து சேரட்டும்' என்று க்வேதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஆனால் பீர் கடையில் பேச்சு வேறாக இருந்தது. "சிரிச்சது போதும்யா," என்றான் கடைக்காரன் வோய்தா. "வேற எவனாவது விவரமானவன் வந்தா நம்ம இடத்தைக் கண்டுபிடிச்சுத் தொலைப்பான். இந்த மனுஷன் சாகுறவரைக்கும் கண்டுபிடிக்க மாட்டாரு. இவருக்கே ஓட்டுப் போடுங்க!"

போட்டார்கள். மாண்புமிகு மந்திரி முன்னெப்போதும் இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தார். தம் கொள்கைக்கு மக்கள் தந்த தீர்ப்பு என்று கண் கலங்கினார்.

மறுநாள் காலையில் ஊர் ஆஸ்பத்திரியை ஏலத்துக்கு விட்டார். அது எங்கே இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.