பிரசார ஓய்வு நாளில் பெண் கேட்கப் போனேன்

இருபத்தாறு வயதில் நான் ஒரு கிழவன். முடியெல்லாம் கறுப்புதான், கருத்துகள்தான் நரைத்திருந்தன. நண்பர்கள் எதைக் கண்டு கொதிக்கிறார்களோ அதைக் கண்டு எனக்குக் கொட்டாவி வரும். ரயில் அரை மணி நேரம் நின்றால் நாடே நின்றுவிட்டதுபோல் செய்தி போடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் அது ஒழுங்காக ஓடுவதைப் பற்றி எவராவது ஒரு வரி எழுதுகிறார்களா? 'இணையவாசிகள் கொந்தளிப்பு' என்று தலைப்பு இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று பேர் கொந்தளித்திருப்பார்கள். அதில் ஒருவர் வேறு செய்திக்கு எழுதியதைத் தவறிப்போய் இங்கே ஒட்டியிருப்பார்.

ஓடுகிற வண்டியில் சக்கரத்தைக் கழற்றாதே. இலவசம் என்று எவர் சொன்னாலும் அது யார் வீட்டுப் பணம் என்று கேள். கல்யாணம் ஆனாலும் பெற்றோரோடு சேர்ந்து இரு. இவ்வளவுதான் அன்றைய என் கொள்கை அறிக்கை. (இன்றும் இதுதான். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் இப்போது வாய்விட்டுச் சொல்வதில்லை.)

நான் காதலித்த தாரணிக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. அவள் அப்பா ராஜமாணிக்கம் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரின் கிழக்கு மூலையில், பாசிர் ரிஸில் வீடு. கைபேசியில் அவர் படத்தைக் காட்டினாள். நெற்றியில் பட்டை விபூதி, வெள்ளை மீசை, சட்டையில் கத்திபோல் மடிப்பு. நான் துள்ளினேன்.

"நம்ம ஆளு!"

"யாரு, எங்கப்பாவா? எலெக்‌ஷன் வந்தா மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டு எல்லாக் கூட்டத்துக்கும் போற ஆளு லா அவரு. அவருக்கு எல்லாமே மாறணும். உனக்கு எதுவுமே மாறக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் ஒரு டேபிள்ல உட்கார்ந்தா எனக்குக் கல்யாணமே நடக்காது."

பெரியவர்கள் தட்டு எடுத்துக்கொண்டு முறைப்படி வருவதற்குமுன் நான் ஒருமுறை தனியாகப் போய் முகம் காட்டிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தேர்தல் நேரம் வேறு. (எந்தத் தேர்தல் என்று சொன்னால் எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். விட்டுவிடுங்கள்.) தாரணியே நாள் குறித்தாள்.

"கூலிங் ஆஃப் டே அன்னிக்கு வா. அன்னிக்கு அப்பாவே வாயைத் திறக்க மாட்டாரு."

வாக்களிப்புக்கு முந்தின நாள் அது. கட்சிகளெல்லாம் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, மக்களைக் கொஞ்சம் யோசிக்க விடவேண்டிய பிரசார ஓய்வு நாள். எங்கள் தேர்தல் ஏற்பாடுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாரம் ஒருநாள் வைத்தாலும் கைதட்டுவேன். வீட்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மை. அதைத் தடுத்தவர் தாரணியின் அம்மா, செல்வி ஆன்டி.

தேக்கா சந்தையில் லட்டும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு மாலை ஏழரைக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்த ஆன்டி கரண்டியோடுதான் திறந்தார்.

"வாங்க தம்பி. உங்களைப் பத்தித் தாரணி சொல்லியிருக்கா. இந்த மனுஷனைப் பத்தி எனக்கே தெரியும். அதனால இன்னிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ரூலு. அரசியல் பேசினா ரசம் கிடையாது."

ராஜமாணிக்கம் அங்கிள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பேச ஆயிரம் விஷயம் இருந்தும் வாய்க்குப் பூட்டுப் போடப்பட்ட மனிதரின் சோகம் அந்தக் கண்ணில் இருந்தது. எனக்கும் அதே சோகம்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொடுவாய் மீன் குழம்பு வந்தது.

"மீன் ரொம்ப நல்லாருக்கு ஆன்டி" என்றேன், ஆபத்தில்லாத விஷயம் என்று நம்பி.

"நல்லாருக்காம?" என்றார் அங்கிள். "விக்கிற விலைக்கு அது பேசவே செய்யணும். போன வருஷம் இதே மீனு..."

"ஏங்க!" கரண்டி மேசையைத் தட்டியது.

"நான் மீனைத்தான் பேசுறேன் செல்வி."

"மீன்ல ஆரம்பிச்சு எங்க போய் முடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது?"

அங்கிள் வேறு பக்கம் திரும்பினார். "தம்பி எதுல வந்தீங்க?"

"ட்ரெயின்ல அங்கிள்."

"டைமுக்கு வந்துச்சா?" அந்தக் கேள்வியில் ஓர் ஆசை தெரிந்தது.

"ஒரு நிமிஷம்கூட லேட் இல்ல அங்கிள். ஆனா அதையெல்லாம் எவன் நியூஸ்ல போடுறான்? நின்னாத்தான்..."

கரண்டி என் பக்கமாகத் திரும்பியது. விழுங்கிக்கொண்டேன். வெயிலைப் பற்றிப் பேசினால் மரம் வெட்டியது யார் என்று போனது. மழைக்குத் தாவினால் வடிகாலில் விழுந்தோம். சிங்கப்பூரில் அரசியல் இல்லாத பேச்சு எது என்று அன்று மனத்துக்குள் தேடித் தேடிப் பார்த்தேன். ரசம் ஒன்றுதான் மிஞ்சியது.

எட்டரைக்குத் தமிழ்ச் செய்தி. அந்த வீட்டில் கற்பூர ஆராதனைக்கு நிகரான நேரம் அது. ஆன்டியே தொலைக்காட்சியைப் போட்டார். ஓய்வு நாள் என்பதால் செய்தியில் காரமே இல்லை. கடைசியில் இளம் தம்பதிகள் எங்கே குடியிருக்க விரும்புகிறார்கள் என்று தெருவில் நிறுத்திக் கேட்டார்கள். வழக்கம்போல் கையில் குமிழித் தேநீர் வைத்திருந்த ஒரு பெண்தான் அகப்பட்டாள். (இந்த நிருபர்கள் காய்கறிப் பை வைத்திருப்பவரை எப்போதாவது நிறுத்தியதுண்டா?) "எங்களுக்கு பிரைவசி வேணும். பேரண்ட்ஸ்கூட இருந்தா ஒத்து வராது" என்றாள்.

எனக்குள் மணி அடித்தது. குடும்பம்! குடும்பம் அரசியல் ஆகாதே! பட்டை விபூதி போட்ட மனிதர், வயதான பெற்றோர், ஒரே பெண். இதைவிட நல்ல மேடை எனக்கு எங்கே கிடைக்கும்?

"பாத்தீங்களா அங்கிள்!" என்று ஆரம்பித்தேன். பெற்றவர்களைத் தனியே விட்டுவிட்டு ஓடும் தலைமுறை என்றேன். கூட்டுக் குடும்பம் போனதும் நாக்கில் தமிழ் போயிற்று, வீட்டில் ரசம் போயிற்று என்றேன். குழந்தைக்கு நீதிக்கதை சொல்வது யார், கைபேசியா என்று கேட்டேன். கையை வேறு ஆட்டியிருக்கிறேன். சுவரில் மஞ்சளாக ஒரு சொட்டுக் குழம்பு தெறித்தது. தாரணி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

"நான் அப்படி இல்ல அங்கிள். தாரணிய நான் கட்டிக்கிட்டா எங்களுக்குத் தனி வீடே வேண்டாம். உங்களை விட்டு எங்கேயும் போக மாட்டோம்!"

அங்கிள் கையிலிருந்த மீன் தட்டில் விழுந்தது.

"போகாம?"

"இங்கயே இருந்துடுவோம் அங்கிள்."

"இங்கன்னா... பாசிர் ரிஸ்லயா?"

"இல்ல அங்கிள். தாரணி ரூம்ல."

பெண் கேட்க வந்தவன் அறை கேட்டுவிட்டேன். அதுவும் எந்த அறையை! தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை மட்டும் தைரியமாகத் தொடர்ந்தது.

"உங்க வீட்ல இடமில்லையா தம்பி?" ஆன்டி மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஆன்டி. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க ட்வின்ஸ். நான் ஹால்ல சோபாவுலதான் படுக்கிறேன்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும், கூட்டுக் குடும்பத்தைப் பற்றிய என் மொத்த உரையும் படுக்க இடம் தேடி வந்தவனின் விண்ணப்பமாக மாறிவிட்டது எனக்கே கேட்டது.

"அப்போ," அங்கிள் விபூதியைத் தடவிக்கொண்டார், "வீட்டோட மாப்பிள்ளை."

என் கொள்கை அறிக்கையில் இல்லவே இல்லாத சொல் அது. மறுக்க வாயெடுத்தேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"அதெல்லாம் நடக்காது தம்பி. அந்த ரூமுக்குன்னு கரோக்கே செட்டு வாங்கி வெச்சாச்சு."

"என்னது?" ஆன்டி கரண்டியைக் கீழே வைத்தார். அன்று மாலை முதல் முறையாக. "எப்ப வாங்கினீங்க? அந்த ரூம் எனக்கு! கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பிரசாரத்தைக் கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போச்சு. இவ போனதும் நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கப் போறேன்."

"செல்வி, இப்படித் தன்னிச்சையா முடிவெடுக்கிறது ஜனநாயகம் இல்ல."

"பேசிட்டீங்க! அரசியல்! ரசம் கட்!"

"அம்மா, நான் இன்னும் அந்த ரூம்லதான் இருக்கேன்!" என்று தாரணி கத்தினாள். இருவருமே அவளைத் தொகுதியில் வாக்கில்லாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிறகு அங்கிள் என் பக்கம் திரும்பினார். "வேலை இருக்கில்ல?"

"இருக்கு அங்கிள்."

"அப்ப வீடு எடு. அரசாங்கத்துப் புது வீட்டுக்கு பிடிஓ போட்டா எப்ப சாவி வரும்?"

"கட்டி முடிக்க நாலு வருஷமாவது ஆகும் அங்கிள்."

"நாலு வருஷமா!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் அலறினார்கள். அன்று அந்த வீட்டில் நான் கண்ட ஒரே தேசிய ஒற்றுமை அதுதான்.

"ரீசேல் பாரு" என்றார் அங்கிள். "யாராவது இருந்த வீடா இருந்தாலும் பரவாயில்ல. சீக்கிரம் கிடைக்கணும். கேட்டுக்க, பொண்ணு தர்றேன். ரூமு தர மாட்டேன்."

சம்மதம் என்பது இப்படியும் வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

மின்தூக்கியில் இறங்கும்போது தாரணி கேட்டாள், "என் ரூமை எங்கப்பாகிட்ட கேட்டியே, என்கிட்ட கேட்டியா? அந்த வீட்டைவிட்டு வெளிய வரணும்னுதான் நான் உன்னையே கட்டிக்கிறேன். பாதிக் காரணம் அதுதான் லா."

மீதிப் பாதி என்ன என்று கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

இப்போது உட்லண்ட்ஸில் இருக்கிறோம். தீவின் வேறு மூலை. வரைபடத்தைப் பார்த்து, அங்கிளாக இருந்து மாமாவானவர்தான் தேர்ந்தெடுத்தார். அறை கடைசியில் அத்தைக்கே போனது. முடிவு அறிவிப்பதற்குமுன்பே அவர் பூட்டு வாங்கிவிட்டார். எல்லாவற்றையும் மாற்றத் துடித்த மாமா இன்று கூடத்தில் அதே பழைய நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறார். எதுவும் மாறக்கூடாது என்ற நான் முகவரியை மாற்றிவிட்டேன். பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து வாழ்வதே நல்லது என்று இன்றும் நம்புகிறேன். பெற்றோரிடம் யாராவது முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு அங்கே போனபோது எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டுமே என்று ஒரு பையோடு நின்றேன். மாமா கதவைப் பாதிதான் திறந்தார். பின்னால் உறவினர் கூட்டம் எட்டிப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நின்றது.

"பையில என்ன மாப்பிள்ளை?"

"துணி மாமா."

"எத்தனை செட்டு?"

"ஒரு செட்டுதான் மாமா."

கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"அப்ப உள்ள வாங்க."