மரக்காணத்தில் கொட்டிய பனி

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இந்த நாள்வரை பனியைப் பார்த்ததில்லை. மார்கழிப் பனியைச் சொல்லவில்லை, வெள்ளைக்காரர் ஊரில் பஞ்சு பஞ்சாகக் கொட்டுமே, அந்தப் பனி. பார்க்காத அதை, பத்தொன்பது வயதில் இருபது குழந்தைகளுக்குக் காட்டக் கிளம்பிய மேதாவி நான்.

எண்பதுகளின் கடைசி. மரக்காணத்தில் புதிதாக ஓர் இங்கிலீஷ் நர்சரி. நடத்தியவர் துபாயிலிருந்து திரும்பிய பாய் ஒருவர். எனக்கு அங்கே ஒரு மாத ட்ரையல். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பாய் வந்து என் வகுப்பைப் பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். (மாப்பிள்ளை யாரென்று அவருக்கே தெரியாது. மாதம் மட்டும் முடிவாகியிருந்தது.)

அன்றைய பாடம், எஸ் ஃபார் ஸ்னோ. புத்தகத்தில் பிள்ளைகள் பனியை உருட்டிப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். நமக்கென்ன குறைச்சல்? ஊர் உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை ஈர உப்பைக் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டினேன்.

"பசங்களா, இதான் ஸ்னோ! எல்லாரும் சொல்லுங்க!"

"ஸ்னோ!"

ஒரு மாதமாகக் குட்மார்னிங்குக்குக்கூட வாய் திறக்காத கூட்டம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொம்மைக்கு மூக்கு வைக்க கேரட் எடுத்துவர உள்ளே போனேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஸ்னோ என்றால் என்ன? பவுடர் போடுவதற்கு முன் அம்மா முகத்தில் பூசிக்கொள்வாளே, சின்ன பாட்டிலில் வரும் அந்த வெள்ளை க்ரீம்! (உப்பளத்துப் பிள்ளைகளுக்கு உப்பு தெரியாதா என்று கேட்காதீர்கள். டீச்சரே ஸ்னோ என்று சொன்ன பிறகு அது ஸ்னோதான்.) திரும்பி வந்தால், இருபது பேரும் அள்ளி அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"டீச்சர், ஸ்னோ எரியுது!" என்று ஒருத்தி அலறினாள். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

சரியாக அந்த நேரத்தில் பாய் நுழைந்தார். ஜும்மா தொழுகைக்காக அப்போதுதான் ஷேவ் செய்த முகம். என்ன ஆச்சு என்று குனிந்தவரின் இரண்டு கன்னத்திலும் நான்கு வயது சலீம் உப்பை அப்பிவிட்டு, "நீங்களும் போட்டுக்குங்க" என்றான்.

"யா அல்லா!"

குழாயடியில் இருபது முகங்களை நான் கழுவினேன். இருபத்தொன்றாவதை அவரே கழுவிக்கொண்டார். தை மாதம் கண்ணெதிரே தெரிந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

பாய் கன்னத்தைத் தடவியபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஸ்னோ, ஸ்னோ" என்ற விசும்பல் இன்னும் ஓயவில்லை.

"ஏம்மா, வாயே தொறக்காத பசங்க. இப்ப பாரு, இங்கிலீஷ்ல அழுவுதுங்க. வேல உனக்குத்தான்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "அடுத்தது எஸ் ஃபார் ஸ்னேக் வருது. நீ பாட்டுக்குப் பாம்பு புடிச்சாந்துடாத!"

இன்றும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. தட்டின் முன் உட்கார்ந்தபடி கன்னத்தைத் தடவுவார்கள். நான் எழுந்துபோய் ஸ்னோ எடுத்து வருவேன்.