எட்டே கால் வண்டி

சிவப்பு விளக்கு அணையவே மாட்டேன் என்றது. ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறதாம். டிரைவர் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார். எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்தது.

மணி எட்டு ஏழு. எட்டே காலுக்குக் கிளம்ப வேண்டும். இருபத்திரண்டு வருடம் பழைய எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு இன்று புது டீசல் ரயிலில் பரீட்சை. தேறினால் பயணிகள் வண்டி. தவறினால் சாகும்வரை சரக்கு வண்டிதான். தேறியே விட்டதாக மனைவி நேற்றே பிறந்தவீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

புது வண்டிகள் பன்னிரண்டும் ஒரே அச்சு. அதே நீலம், அதே மஞ்சள் கோடு, பன்னிரண்டுக்கும் ஒரே சாவி. தலை எது, வால் எது என்று படைத்தவனுக்கே தெரியாது. நல்ல வேளை, பரீட்சை வைக்கும் அதிகாரி இன்னும் வரவில்லை. கடைசி நிமிடத்தில் வந்து ஏறுவது அவர் வழக்கம்.

ஷெட் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"தம்பி, கதவு விளக்கு அணைய மாட்டேங்குதுப்பா."

"எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து மூடுங்கண்ணே."

திறந்தார், மூடினார். ஐந்து கதவு மூடின. ஆறாவது ஓர் அம்மாளின் பெட்டியைக் கவ்விக்கொண்டது.

"டிரைவர் சார்! என் பெட்டியை விடச் சொல்லுங்க!"

"சரி, கம்ப்யூட்டரை அணைச்சுப் போடுங்க," என்றான் மெக்கானிக்.

அணைத்துப் போட்டார். கதவு பெட்டியை விட்டது. கூடவே ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் தேனாகப் பேசியது: "இது கடைசி நிலையம். பயணம் செய்தமைக்கு நன்றி."

வண்டியில் இருந்ததே பதினோரு பேர். டிரைவர் ஏறுவதைப் பார்த்து அவர் பின்னாலேயே ஏறியவர்கள். இப்போது வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள்.

"ஐயோ, இறங்காதீங்க! வண்டி இன்னும் கிளம்பவே இல்லை!"

"அதுக்குள்ள வந்துருச்சா? புது வண்டின்னா புது வண்டிதான்," என்று மெச்சினார் ஒரு கைத்தடிக்காரர்.

மணி எட்டே கால். பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் நின்றிருந்த வண்டி நொடி பிசகாமல் கிளம்பிப் போனது. பார்க்கப் பார்க்க டிரைவருக்கு வயிறு எரிந்தது. எவனோ கொடுத்துவைத்தவன்!

மறுபடியும் போன்.

"தம்பி, இப்ப பத்து விளக்கு எரியுதுடா."

"வண்டி நம்பர் சொல்லுங்க. இங்க திரையில பாக்கறேன்."

டியூட்டிச் சீட்டைப் பார்த்து, "ஏழு," என்றார்.

"ஏழா? அதுக்கு ஒரு கோளாறும் இல்லையே. நாற்பதுல போய்ட்டிருக்கீங்க."

"போறேனா?"

"இப்ப ஐம்பது. அண்ணே, வளைவு வருது, பாத்து!"

டிரைவர் பதறித் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத் தூண் நின்ற இடத்தில்தான் நின்றது. தூணை நம்புவதா, மெக்கானிக்கை நம்புவதா? எதற்கும் இருக்கட்டும் என்று அவசர பிரேக்கை இழுத்துப் பிடித்தார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. மூடியிருந்த கதவெல்லாம் திறந்துகொண்டன.

"அண்ணே, வேகம் குறையலையே!" என்று அலறியது போன்.

"பிடிச்சுக்கிட்டுதான்டா இருக்கேன்!" டிரைவருக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த அதிகாரி வந்து பாத்தா என் பொழப்பு போச்சு. அவர் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுடா!"

டிரைவர் அறை வாசலில் வாளியும் துடைப்பமுமாகத் துப்புரவுக்கார அம்மா வந்து நின்றார்.

"கொஞ்சம் காலைத் தூக்கிக்குங்க சார், இது ரிப்பேருக்குப் போற வண்டி, எதிர்ல நின்ன உங்க வண்டியை, டிரைவரைக் காணோம்னு அந்த அதிகாரியே ஓட்டிட்டுப் போயிட்டாரு."