மாப்பிள்ளை கொண்டுவந்த பேத்தை மீன்

படிக்காதவன் பயந்தால் அது அவனோடு போய்விடும். படித்தவன் பயந்தால் காரணம் காட்டி ஊரையே பயப்பட வைப்பான். இதை என் வருங்கால மாமியார் வீட்டில் நான் செய்து காட்டியிருக்கிறேன் (கல்யாணத்துக்கு முன்பே என்பது கூடுதல் சிறப்பு).

அப்போது நான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவன். நரம்பு செல்லின் சவ்வில், சோடியம் உள்ளே நுழைய ஒரு புரத வாசல் இருக்கிறது. அது திறந்தால்தான் தொட்டதும் சுட்டதும் நமக்குத் தெரியும். பலூன் மாதிரி உப்பும் பேத்தை மீனின் விஷம், பஸ் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி அந்த வாசலில் நின்றுவிடும். முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு கை கால், கடைசியில் மூச்சே நின்றுவிடும். விஷம் வாசலின் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தால் புதிய வலி மருந்துகளுக்கு உதவும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன் (யாரும் கேட்காதபோதும்).

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் துறைமுகத்துக்குப் போய், மீனவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிப் போட்ட பேத்தை மீன்களை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். மதியம் மஞ்சக்குப்பத்தில், எனக்கு நிச்சயமாகியிருந்த சுகன்யாவின் வீட்டில் விருந்து. காலையிலேயே போய்ப் பெட்டியைக் கொல்லைப்புறம் வைத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை முதன்முதலாக வரும்போதே விஷத்தோடு வந்தான் என்றால் நன்றாகவா இருக்கும்?

விருந்தில் மீன் குழம்பு. நான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். என்னைப் பார்க்கவே பண்ருட்டியிலிருந்து வந்திருந்த சுகன்யாவின் பெரியப்பா முள்ளைக்கூட விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சுகன்யா பீடா நீட்டினாள். இரண்டு வாங்கி மென்றேன். அவள் நீட்டியிருந்தால் தட்டையும் மென்றிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது. பிறகு நாக்கு. கொல்லைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் இருந்தது, மீன் இல்லை.

"அத்தை, பெட்டியில இருந்த மீன் எங்க?"

அத்தை ஒருமுறை பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டார். "அதத்தான் மாப்ள கொழம்பு வச்சேன். நீங்க கொண்டாந்த மீனு அவ்ளோ ருசி!"

"மாப்ளைக்கு மீன் பாத்து வாங்கத் தெரியுது" என்று பெரியப்பா சான்றிதழ் கொடுத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடலூரில் பிறந்து வளர்ந்த அத்தைக்குப் பேத்தை மீன் தெரியாதா? தெரிந்தே சமைத்தாரா? என்னைப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் என்னை மட்டும் கொல்லலாமே, சொந்த வீட்டாரை ஏன் சேர்த்தார்?

"எல்லாரும் வெஷம் சாப்ட்டிருக்கோம்! நரம்புல வாசல் அடைக்குது!" என்று கத்தினேன்.

"ஐயோ, எனக்குக் காலு மரத்துப்போச்சே" என்று பெரியப்பா சாய்ந்தார் (அவர் வந்ததிலிருந்து சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தார்). சுகன்யா அழுதாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாலி கட்டுவதற்குள் இவளைக் கொன்றுவிட்டேனே! அத்தை மட்டும் "ஒண்ணும் ஆவாது மாப்ள, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது என் சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

மாமா ஆட்டோ பிடித்தார். வீடே ஆஸ்பத்திரியில் போய் இறங்கியது.

"யாரும்மா சமைச்சது?" என்று டாக்டரம்மா கேட்டதும், அத்தையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"யாரோ மாப்ளைய ஏமாத்தி பேத்தையத் தலையில கட்டிட்டாங்க டாக்டர். படிச்சவுங்க, மீனப் பத்தி என்ன தெரியும் பாவம். சொந்தக்காரங்க முன்னாடி அவுங்க அசிங்கப்படக் கூடாதுன்னு அதக் கொல்லையில பொதைச்சிட்டேன். மார்க்கெட்டுல வஞ்சரம் வாங்கியாந்துதான் கொழம்பு வச்சேன்."

"அப்ப என் உதடு?" என்றேன்.

டாக்டரம்மா என் வாயில் டார்ச் அடித்தார். பீடாவில் குத்தியிருந்த கிராம்பு இரண்டும் கடைவாயில் அரைபட்டுக் கிடந்தன. "இதத்தான சார் பல்லு வலிக்கு வைக்கிறோம்? மரத்துதான் போவும்."

கிராம்பு எண்ணெயும் அதே சோடியம் வாசலைத்தான் கொஞ்ச நேரம் அடைக்கும். பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன்.

"அப்ப எங்காலு?" என்றார் பெரியப்பா. டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நிச்சயம் முறிந்தது என்றே முடிவுகட்டி, அவமானத்தில் தலைகுனிந்து நின்றேன். மாமா என் தோளில் கைபோட்டு, "ஒரு உசுரையும் வுடாம எல்லாத்தையும் கூட்டிட்டு ஓடியாந்தீங்கள்ல மாப்ள, அது போதும்" என்றார். வெட்கத்தை விட்டு அங்கேயே அழுதேன்.

கல்யாணம் நடந்தது. என் ஆராய்ச்சியும் பேத்தையை விட்டுக் கிராம்புக்கு மாறியது. ஆனால் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் மீன் குழம்பு சாப்பிட்டு யாரும் உடனே எழுந்திருப்பதில்லை. "இருங்க, மாப்ள மொதல்ல உதட்டத் தொட்டுப் பாக்கட்டும்" என்பார் பெரியப்பா. கைகழுவாமல் பந்தியே என்னைப் பார்க்கும். நான் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் எழுந்திருப்பார்கள்.