நூறு லிட்டர் உள்ளே, நூற்றைம்பது வெளியே

பொய் சொன்னால் எனக்குக் காதுமடல் சிவந்துவிடும். அது தெரிந்தும் பொய் சொல்லும் தைரியம் ஒருகாலத்தில் இருந்தது. (தைரியம் என்று நாகரிகமாகச் சொல்கிறேன்.)

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியர் நான். தொட்டிக்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. தொட்டியை லட்சம் குட்டிக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வந்த அளவு வெளியே போயாக வேண்டும். அது சரியாக வரும்வரை கம்ப்யூட்டர் அழுத்தத்தை ஊகிக்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். இப்படியே நாலு நாள் முனகும். "கஸ்டமருக்குப் பிடிச்சிட்டா உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல கையெழுத்து" என்றிருந்தார் மேனேஜர் பரந்தாமன்.

மூன்றாம் நாள் ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் ஓய்வு நாள். நான் மானிட்டரை மட்டும் அணைத்து, ஓடிக்கொண்டிருந்த சிபியூவுக்குப் பொட்டு வைத்து, பவ்யமாக நின்றேன். (சாமியையே ஏமாற்றப் பார்த்தவன்!) சூடத்தட்டோடு வந்தார் எலெக்ட்ரீஷியன் ஏசுபாதம். எங்கள் தெருக்காரர். ஞாயிறானால் சர்ச், ஆயுத பூஜை என்றால் முதல் ஆள். குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"இன்னா தம்பி, உள்ள ஓடிக்கினு கீது? இன்னிக்கு ஒருநாளாவது அதுக்கு ரெஸ்ட் குடுப்பா!"

"அண்ணே, வேணாண்ணே" என்று நான் பாய்வதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டார்.

நடுநடுவே சேமித்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்கு நான் சொல்லி வைக்கவில்லை. (டிஸ்கில் இடம் வீணாகிவிடுமாம்!) மிஞ்சியது, முதல் ஒரு மணி நேரத்தில் சோதனைக்காக எடுத்துவைத்த அரைவேக்காட்டு முடிவு. இரண்டு நாளில் கஸ்டமரோடு மீட்டிங். மறுபடி ஓட்ட நாளில்லை, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் படம் சிவப்பும் நீலமுமாக ஜொலித்தது. அதையே மீட்டிங்கில் காட்டினேன்.

வள்ளூரிலிருந்து வந்திருந்த கஸ்டமர், ரெஜினா மேடம், படத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் இருந்த எண்களைக் கூட்டினார்.

"தம்பி, உள்ள வர்றது நூறு லிட்டரு. இந்தப் பைப்புல எண்பது போவுது, அந்தப் பைப்புல எழுபது. கூடுதலா அம்பது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது... டர்புலன்ஸ் மேடம். தண்ணி உள்ள சுழலும்ல." காது தீயாய் எரிந்தது.

"அப்ப மீஞ்சூர்ல எதுக்குக் கடல்தண்ணிய குடிதண்ணியா மாத்தக் கஷ்டப்படறாங்க? உங்க தொட்டி ரெண்டு கட்டுனா மெட்ராசுக்கே போதுமே!"

அறையே சிரித்தது. பரந்தாமன் சார் சிரிக்கவில்லை. எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். கையெழுத்து ஆறு மாதம் தள்ளிப்போனது. புரொஜெக்டர் ஒயரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்ற ஏசுபாதம் அண்ணன், நான் வீட்டுக்குப் போகும் வழியில் புதுவாயலில் பஸ் மாறுவதற்குள் போனிலேயே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

பிறகு வந்த கன்ஃபர்மேஷன் லெட்டர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளிகள் வந்து நின்றால் அம்மா பதறுவதே இல்லை.

"ரசம் ஆறு பேருக்குத்தான் கீது. கவலப்படாத, எம்புள்ளையாண்ட குடு. ஒம்போது பேருக்கு ஆக்கிக் குடுப்பான்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு அடுப்படிக்குப் போகிறேன்.